சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும்: டெல்டாவில் பயிலும் பிசியோதெரபி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் போஸ்டிங் பார்க்கும் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்தின் வரிசை இதில் இருக்காது. ஓ.பி.யிலும் வார்டிலும் எது அதிகம் தேவைப்படுகிறதோ அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எலும்பையும் தசையையும் பார்க்கிற நமக்குக் கிட்னி எதற்கு?

முட்டி வலி என்று நம்மிடம் வரும் அறுபது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் சுகரோ பிரஷரோ கூடவே இருக்கும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் காரணம் சுகர். பிரஷர் அதற்கு அடுத்தது. அந்த முட்டிக்காக அவர் வருடக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கியிருப்பார். அதுவும் கிட்னியைத்தான் தொடும். ஆக, அவருடைய முட்டியைப் பார்க்கும்போதே கிட்னியையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. டாக்டருக்கு ஓ.பி.யில் ஒரு நோயாளியோடு சில நிமிடம்தான் கிடைக்கும். நாம் அரை மணி நேரம் கூடவே இருக்கிறோம், பத்து நாள் தொடர்ந்து பார்க்கிறோம், காலைத் தொட்டுத் தூக்குகிறோம். நேற்று இல்லாத வீக்கம் இன்று இருப்பது முதலில் நம் கைக்குத்தான் தெரியும். “ஒண்ணுக்கு எப்படிப் போகுது?” என்று கேட்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டால் பலருடைய கிட்னியை நேரத்தோடு காப்பாற்றலாம். இது என் உறுதியான நம்பிக்கை.

உடற்கூறும் உடலியங்கியலும் எவ்வளவு தெரிந்தால் போதும்?

சிறுநீரகங்கள் வயிற்றறைக்குப் பின்னால், 12-ஆவது மார்பு முள்ளெலும்பிலிருந்து 3-ஆவது இடுப்பு முள்ளெலும்பு வரை, முதுகெலும்பின் இரு பக்கமும் இருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலது கிட்னி சற்றுத் தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், சுமார் 150 கிராம் எடை, உள்ளே ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான் என்ற நுண்வடிகட்டிகள்.

இதயம் ஓய்வில் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த இரண்டுக்கும் போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, ஒன்று முதல் இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. மீதி முழுவதும் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

கழிவை வெளியேற்றுவது மட்டும்தான் கிட்னியின் வேலை என்று நினைத்தால் நம் நோயாளியைப் புரிந்துகொள்ள முடியாது. ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் அங்கிருந்துதான் வருகிறது. அது குறைந்தால் ரத்தசோகை வரும். நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கும். வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் கிட்னிதான். அது நின்றால் எலும்பு பலவீனமாகும், தசை வலிக்கும், சிறு தடுக்கலிலேயே எலும்பு முறியும். ரெனின் என்ற சுரப்பு வழியாக ரத்த அழுத்தம், அமில-காரச் சமநிலை, பொட்டாசியம் எல்லாம் அதன் பொறுப்பு. உடற்பயிற்சியைத் திட்டமிடும் நமக்கு இவை ஒவ்வொன்றும் வேண்டும்.

முதுகு வலி என்று வருகிறார். கிட்னி வலியா, தசை வலியா என்று எப்படிப் பிரிப்பது?

நடவும் களையெடுப்பும் நடக்கிற மாதங்களில் ஓ.பி. முழுக்க இடுப்பு வலிதான். நாள் முழுக்கக் குனிந்தே நின்றவருக்கு இடுப்பு வலிப்பது இயல்பு. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக் கிட்னியில் கல்லோ சீழோ இருக்கலாம். அவரைப் பிரித்தெடுப்பதுதான் நம் திறமை.

தசை, மூட்டு வலி அசைவோடு மாறும். குனிந்தால் கூடும், ஒரு பக்கமாகப் படுத்தால் குறையும். கிட்னி வலி அப்படி நடந்துகொள்ளாது; எந்த நிலையில் வைத்தாலும் அதே வலிதான். கல் சிறுநீர்க்குழாயில் இறங்கும்போது வலி விட்டு விட்டு வெட்டி இழுக்கும். விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பை வரை பாயும். நோயாளி ஒரு இடத்தில் உட்கார மாட்டார். எழுவார், நடப்பார், மறுபடி படுப்பார், வாந்தி எடுப்பார். முதுகெலும்பின் வட்டு (டிஸ்க்) விலகியவர் இதற்கு நேர்மாறாக, அசையவே பயந்து விறைத்துப் படுத்திருப்பார். இந்த ஒரு வித்தியாசத்தை வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

12-ஆவது விலாவும் முதுகெலும்பும் சேரும் கோணத்தில் உள்ளங்கையை வைத்து மறு கை முஷ்டியால் மெதுவாகத் தட்டுங்கள். துள்ளினால் கிட்னியைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு கேளுங்கள்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததா? ஒண்ணுக்குப் போகும்போது கடுக்கிறதா? நிறம் சிவந்து போனதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்று மசாஜும் வேண்டாம், முதுகெலும்பை இழுத்துவிடும் டிராக்‌ஷனும் வேண்டாம். ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் அனுப்புங்கள். காய்ச்சலும் கல்லும் சேர்ந்து வந்தால் அது அவசரம். அடைபட்ட கிட்னியில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று நோயாளிகள் கேட்கிறார்களே?

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தண்ணீரும் நேரமும் கொடுத்தால் தானாகவே இறங்கிவிடும். வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் என்று எதைக் குடித்தாலும் கூடவே தண்ணீரும் உள்ளே போகிறது. கல் வந்தவருக்கு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். அந்த அளவுக்குக் குடிக்கச் சொல்லுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். கிட்னி ஏற்கெனவே கெட்டிருப்பவருக்கு மட்டும் வாழைத்தண்டு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

வலி மாத்திரைக்கும் கிட்னிக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். காரணம், இதில் நம்மால் நேரடியாக ஏதாவது செய்ய முடியும்.

நெஃப்ரானின் வடிகட்டிக்கு உள்ளே வரும் ரத்தக்குழாய் ஒன்று, வெளியே போவது ஒன்று. வாய்க்காலின் தலைமதகும் கடைமதகும் போல வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நிற்கும் நீரின் அழுத்தம்தான் வடிகட்டுகிறது. உடம்பில் நீர் குறையும்போது தலைமதகு மூடிவிடாமல் பிடித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் நிறுத்துகின்றன. தலைமதகு இறங்கிவிடும். பிரஷருக்காக எனலாப்ரிலோ டெல்மிசார்டனோ சாப்பிடுகிறவருக்குக் கடைமதகு ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் வரத்தும் குறைந்துவிடும். மூன்றும் ஒன்றாகச் சேரும்போது வடிகட்டும் அழுத்தம் விழுந்து, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் சில நாட்களிலேயே ரத்தத்தில் ஏறும்.

இப்போது நம் ஊர் நிலவரத்துக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போகிறவர், மதியம் வரை சொம்புத் தண்ணீரோடு சமாளிக்கிறார். சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் “ஒரு செட் மாத்திரை குடுங்க” என்று கேட்டு வாங்குகிறார். அந்தக் காகிதப் பொட்டலத்தில் நாலு மாத்திரை இருக்கும். எது என்ன என்று அவருக்குத் தெரியாது. அறுவடை முடியும் வரை தினமும் இதேதான்.

ஆகவே முதல் நாளே கேளுங்கள்: “வலிக்கு என்ன சாப்பிடுறீங்க? அட்டையைக் கொண்டுவர முடியுமா?” அட்டையைப் பார்க்காமல் பதிவேட்டில் “மருந்து இல்லை” என்று எழுதாதீர்கள். கடையில் வாங்குவதை நம் மக்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சுகர், பிரஷர் இருப்பவர் தொடர்ந்து வலி மாத்திரை எடுப்பது தெரிந்தால் டாக்டருக்குத் தகவல் கொடுங்கள். மாத்திரையை நிறுத்து என்று நாமே உத்தரவு போடுவது முறையில்லை. வெந்நீர் ஒத்தடம், டென்ஸ் (தோல் வழியாகக் கொடுக்கும் லேசான மின்தூண்டல்), தொடைத்தசைப் பயிற்சி, குனிந்து வேலை செய்யும்போது இடைவெளி விட்டு நிமிர்வது என்று நாம் கொடுப்பவை வலியைக் குறைத்தால், மாத்திரையின் தேவை குறையும். நம் சிகிச்சை கிட்னிக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான்.

கிரியேட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட் சொல்கிறது. நம்பலாமா?

நோயாளியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்கு அந்த எண்ணும் குறைவாகவே இருக்கும்.

டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்ற ஒரே அளவை இரண்டு பேருக்குப் போட்டுப் பார்ப்போம். 25 வயது இளைஞருக்கு, 2021-இல் வந்த சூத்திரத்தின்படி கிட்னி வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 மில்லி. அதே 1.2 உள்ள 70 வயதுப் பாட்டிக்கு ஏறத்தாழ 49. அவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் எதுவும் இருந்திருக்காது.

இந்த வேகத்தை வைத்துப் பிரிக்கும் நிலைகளை மனப்பாடம் செய்ய வேண்டும்தான்: 90-க்கு மேல் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டு, 30 முதல் 59 வரை மூன்று, 15 முதல் 29 வரை நான்கு, 15-க்குக் கீழே ஐந்து. முதல் இரண்டு நிலைகளில் சிறுநீரில் புரதம் போன்ற வேறு சேத அடையாளமும் இருந்தால்தான் நோய் என்று சொல்வார்கள். கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகத் தொடங்கிவிடும். சுகர் உள்ளவருக்கு வருடம் ஒருமுறை அந்தப் பரிசோதனை வேண்டும்.

வயல் வேலை செய்பவர்களுக்கு என்று தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய. முதலில் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் காலில் உள்ள வெடிப்பு வழியாக லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையில் கடுமையான வலி வரும். அந்த வலிக்காகத்தான் அவர் நம்மிடம் வருவார், வேலை செய்த அசதி என்று சொல்லிக்கொண்டு. கெண்டைக்காலை லேசாக அழுத்தினாலே கத்துகிறார், கண் சிவந்திருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, மழைக்காலம் என்றால் சிகிச்சைக்கு எடுத்த அல்ட்ராசவுண்ட் கருவியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். இந்த நோய் முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும்.

அடுத்தது கண்ணாடி விரியன். நெல் வயலிலும் வரப்பிலும் கடிக்கிற இந்தப் பாம்பின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்து, கிட்னியையும் தாக்கும். உயிர் பிழைத்து டயாலிசிஸும் முடித்து வருபவரை, வீங்கிய காலுக்கும் மடங்காத கணுக்காலுக்கும் பயிற்சி கொடுக்க நம்மிடம் அனுப்புவார்கள். காலை மட்டும் பார்க்காதீர்கள். சிறுநீரின் அளவு, கிரியேட்டினின், பிளேட்லெட் எண்ணிக்கை மூன்றையும் கேஸ் ஷீட்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மூன்றாவது வெயில். ஆந்திராவின் உத்தானம் பகுதி, இலங்கையின் வட மத்திய மாகாணம், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்கள் என்று உலகின் பல இடங்களில், சுகரும் பிரஷரும் இல்லாத விவசாயத் தொழிலாளர்களுக்குக் கிட்னி கெடுகிறது. காரணம் முழுதாக முடிவாகவில்லை. கடும் வெயிலில் நீரிழப்போடு உழைப்பதுதான் வலுவாகச் சந்தேகிக்கப்படுகிறது. குறுவை நடவு நடக்கும் வெயிலையும் கோடை உளுந்துப் பயறு பறிக்கும் வெயிலையும் நினைத்துப் பாருங்கள். தண்ணீர், நிழல், இடைவேளை மூன்றையும் பற்றி நோயாளியிடம் பேசுவது நம் வேலைக்கு வெளியே இல்லை.

பெண்கள் சங்கதி இன்னும் கடினம். வயலில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்காமல் போகிறார்கள், வந்தாலும் அடக்குகிறார்கள். பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான், கிருமி ஏறுவதற்குத் தூரமே இல்லை. நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் காரணம். “நிறைய தண்ணி குடிங்கம்மா” என்று சொல்லிவிட்டு வருவது எளிது. எங்கே போவார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த அறிவுரைக்கு அர்த்தம்.

காலில் வீக்கம் இருந்தால் அழுத்தப் பட்டை போடலாமா?

ஒரு காலா, இரண்டு காலா என்று முதலில் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டு காலும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்து, காலையில் கண் இமையும் தடித்திருந்தால் கிட்னியைச் சந்தேகியுங்கள். சிறுநீரில் நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போகும் நெஃப்ராட்டிக் நிலையில் இப்படி வரும். அவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுதல். இதயமும் கிட்னியும் தாங்குமா என்று தெரியாமல் பட்டையால் நீரை மேலே தள்ளினால் மூச்சுத் திணறலில் போய் முடியும். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பயிற்சி கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுவதுதான் அதிகக் கெடுதல். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம் படுத்தே இருக்கிறார். போக வர பஸ் பயணம் வேறு. மீதி நாளெல்லாம் அசதி. தசை கரைகிறது, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, விழுகிறார், எலும்பு முறிகிறது. இந்தச் சங்கிலியை உடைக்க நம்மை விட்டால் ஆளில்லை.

டயாலிசிஸ் இல்லாத நாளில் நடையும் தசைப் பயிற்சியும் கொடுப்பது நல்லது. டயாலிசிஸ் நடக்கும்போதே படுக்கையில் சைக்கிள் மிதிக்க வைக்கலாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் நீர் நிறைய எடுக்கப்பட்டிருக்கும், பிரஷர் சட்டென்று விழும். டயாலிசிஸ் முடிந்த கையோடு எழுப்பி நடக்க வைக்க வேண்டாம்.

தீவிரத்தை நாடித்துடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் நரம்புப் பாதிப்பும் நாடியை நம்ப முடியாததாக்கிவிடும். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே 6 முதல் 20 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலில் 11 முதல் 13 வரை, அதாவது மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவு போதும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். உட்கார்ந்து எழும் பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள். அவர் தானாகக் கழிவறைக்குப் போவது அதில்தான் இருக்கிறது.

ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தால், இடைப்பட்ட நாளில் எடை வழக்கத்தைவிட அதிகமாக ஏறியிருந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், பொட்டாசியம் ஏறியிருந்தால் அன்று பயிற்சி கிடையாது. ஓய்விலேயே பிரஷர் 180/110-ஐத் தாண்டினாலும் நான் தொடங்குவதில்லை.

ஃபிஸ்டுலா கையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருப்பதுதான் ஃபிஸ்டுலா. அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக் கூடாது, ஊசி போடக் கூடாது, இறுக்கமான வளையலோ கடிகாரமோ கூடாது, அந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்கக் கூடாது. நடைப்பயிற்சியில் தாங்கிப் பிடிக்கும்போது நாமே அந்த முழங்கையை இறுக்கிப் பிடித்துவிடுவோம். கவனம்.

தினமும் விரல் நுனியை ஃபிஸ்டுலாமீது மெதுவாக வையுங்கள். உள்ளே பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரிய வேண்டும். அது நின்றுபோயிருந்தால் அடைப்பு. உடனே டயாலிசிஸ் யூனிட்டுக்குச் சொல்லுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அறுவைப் புண் ஆறியதும் டாக்டர் அனுமதியோடு ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லலாம், ரத்தநாளம் தடித்து வளர உதவும். நோயாளிகள் பலர் அந்தக் கையைப் பயந்து தூக்காமலே வைத்திருந்து தோளை இறுக்கிக்கொள்கிறார்கள். ஊசி குத்தியிருக்கும் நேரம் தவிர மற்றபடி அந்தக் கையை அசைக்கலாம், அசைக்கத்தான் வேண்டும்.

பயிற்சிக்கு அப்புறம் களைப்பாற இளநீர் கொடுக்கலாமா?

கிட்னி நோயாளிக்குக் கூடாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிறது. வந்தவர் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுப்பது அங்கே மரியாதை. 100 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. கெட்ட கிட்னி அதை வெளியேற்றாது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 6 மில்லிமோலைத் தாண்டினால் தசை தளரும், இதயம் தாளம் தப்பி நின்றும் போகலாம். திடீரென்று கால்கள் துவண்டுபோகும் டயாலிசிஸ் நோயாளியை நரம்புக் கோளாறு என்று நினைத்து நேரம் கடத்தாதீர்கள். ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவருக்கு மோர், ரசம், நீராகாரம், காபி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். கருவாடும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டிவிடும்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்கு?

வயிற்றில் இரண்டு லிட்டர் திரவம் இருக்கும்போது குனிவதும் மூச்சை அடக்கித் தூக்குவதும் வேண்டாம். திரவத்தை வடித்தபின் பயிற்சி. குழாய் வெளிவரும் இடத்தில் பெல்ட் அழுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவருக்குச் சிறுநீர்ப்பை எப்படிப் பாதிக்கும்?

சிறுநீர்ப்பையின் தசையைச் சுருக்கும் நரம்பு, தண்டுவடத்தின் எஸ் 2 முதல் எஸ் 4 வரையிலான பகுதியிலிருந்து வருகிறது. அடிபட்ட இடம் அதற்கு மேலே என்றால், தண்டுவட அதிர்ச்சிக் காலம் கழிந்தபின் பை தானாகச் சுருங்கும் வகையாக மாறும்: கொஞ்சம் நிறைந்ததும் கட்டுப்பாடில்லாமல் வெளியேறும். பல சமயம் பை சுருங்கும்போது அதன் வாயும் சேர்ந்து இறுகும். அழுத்தம் மேலேறிக் கிட்னியைக் கெடுக்கும். மரத்திலிருந்து விழுபவர்களுக்கு முதல் இடுப்பு முள்ளெலும்பு அடிக்கடி நொறுங்கும். தண்டுவடம் ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது. அப்போது பை தளர்ந்துபோகும், நிறைந்து வழியும், தானாகச் சுருங்காது.

அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை உறவினருக்கு நீங்களாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பையின் வாய் இறுகியிருக்கும் வகையில் அது சிறுநீரைக் கிட்னிக்கே திருப்பி அனுப்பும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயை நோயாளி தானே செலுத்தி எடுப்பதுதான் பெரும்பாலானோருக்கு நல்ல வழி. அதற்குக் கைத்திறனும் உட்காரும் சமநிலையும் வேண்டும். அந்த இரண்டையும் பழக்குவது நாம்.

ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர், பயிற்சியின் நடுவே திடீரென்று “தலை வெடிக்குது” என்பார். முகம் சிவந்து வியர்க்கும். பிரஷர் எடுத்தால் வழக்கமாக 100 இருப்பவருக்கு 150 இருக்கும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், யூரின் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். கூடவே ஒருவரை டாக்டரிடம் ஓடச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் பிரஷர் இன்னும் ஏறும்.

யூரின் பேக்கோடு நோயாளியை நடக்க வைக்கும்போது?

பேக்கை முதலில் காலி செய்யச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பேக்கை நோயாளியின் மடியில் வைப்பதைப் பல வார்டுகளில் பார்க்கிறோம். தேங்கிய சிறுநீர் திரும்பப் பைக்குள் போய்விடும். பேக் எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. குழாய் தொடையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை மடக்குங்கள்.

இடுப்பு வட்டு நோயாளிக்கு எப்போது பயப்பட வேண்டும்?

இரண்டு காலிலும் வலி அல்லது பலவீனம், உட்காருமிடம் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் நின்றுபோதல் அல்லது தெரியாமலே போய்விடுதல். இது காடா ஈக்வினா, அதாவது தண்டுவடத்தின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவது. அன்றே அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். “ஒண்ணுக்குப் போற உணர்வு தெரியுதா?” என்ற கேள்வியை எந்த இடுப்பு வலி நோயாளியிடமும் விடாதீர்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு வீட்டில் சிறுநீர் கட்டுப்படவில்லை என்கிறார்கள்.

மூளைப் பாதிப்பால் அவசரம் கூடுவது பாதி, கழிவறைக்குப் போய்ச் சேர முடியாதது பாதி. நம் கிராமத்து வீடுகளில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. கூடம், தாழ்வாரம், அடுப்படி தாண்டி, இரண்டு படி இறங்கி, மண் தரையில் நடந்து போக வேண்டும். இரவில் விளக்கு இருக்காது. வீடு தேடிச் சிகிச்சை தரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போகிறார். போனால் நோயாளியின் காலை மட்டும் பார்க்காமல் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். படியில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவுக்குக் கட்டிலடியில் ஒரு யூரின் பாட்டில், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துப் போவது. பல வீடுகளில் டயப்பர் தேவைப்படாமல் போக இவையே போதும்.

இருமினால் கசிகிறது என்று சொல்லும் பெண்களுக்கு என்ன செய்யலாம்?

அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அதுதான் முதல் சிக்கல். முட்டி வலிக்கு வந்த அம்மாவிடம், பக்கத்தில் மகனோ மருமகளோ இல்லாத நேரம் பார்த்து, ஒரு பெண் மாணவி கேட்பது நல்லது: “அம்மா, இருமினா தும்மினா துணி நனையுதா? நிறையப் பேருக்கு இருக்குதும்மா, சரிபண்ணலாம்.” நிறையப் பேருக்கு உண்டு என்ற ஒரு சொல் போதும், வாய் திறந்துவிடுவார்கள். நாலு பிள்ளை பெற்றதனால் இப்படித்தான் இருக்கும் என்று இருபது வருடமாக நினைத்திருப்பார்.

சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதினார். இன்றும் இருமல் கசிவுக்கு முதல் சிகிச்சை அதுதான். சொல்லித்தரும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். “காத்து வெளியேறாம அடக்குற மாதிரி உள்ள இழுங்க” என்று சொன்னால் புரியும். வயிற்றை எக்குவதும், தொடையை இறுக்குவதும், மூச்சைப் பிடிப்பதும் கூடாது. ஒருமுறைக்கு எட்டு சுருக்கம், நாளைக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். ஒவ்வொன்றையும் முடிந்த அளவு பிடித்து, எட்டு பத்து விநாடி வரை கொண்டுபோகலாம். இருமல் வரும் முன்பும் நெல் மூட்டையைத் தூக்கும் முன்பும் இறுக்கிக்கொள்ளப் பழக்குங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

வந்ததும் ஓட வேண்டும் என்ற அவசரக் கசிவு வேறு வகை. அதற்குச் சிறுநீர்ப்பைப் பழக்கம்: இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறார் என்றால், பத்து நிமிடம், கால் மணி என்று தள்ளிப்போட்டு இரண்டரை, மூன்று மணிக்குக் கொண்டுவருவது. காபி, டீயைக் குறைக்கச் சொல்லுங்கள். கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அடியில் ஏதோ இறங்குகிறது என்று சொன்னால் கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். மகளிர் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள்.

வயதான ஆண்களுக்கு?

தாரை மெலிந்து, விட்டு விட்டு வந்து, இரவில் நாலு முறை எழுந்தால், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாக இருக்கலாம். இரவில் எழுவதால்தான் பலர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறார்கள். ப்ராஸ்டேட்டை அகற்றியபின் கசிவு வந்தால் ஆண்களுக்கும் அதே இடுப்புத்தளப் பயிற்சிதான். அறுவைக்கு முன்பே சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு என்னென்ன எச்சரிக்கை?

புதிய கிட்னி முதுகுப் பக்கம் இருக்காது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். ஆகவே இடுப்பு டிராக்‌ஷன் பெல்ட், இறுக்கமான வயிற்றுப் பட்டை, குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது எதுவும் வேண்டாம். முதல் ஆறு முதல் எட்டு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது; நடை மட்டும் முதல் நாட்களிலேயே தொடங்கலாம். ஸ்டீராய்டு சாப்பிடுவதால் தொடை, தோள் தசைகள் பலவீனப்படும், எலும்பும் மெலியும். படிப்படியாகத் தசைப் பயிற்சி கொடுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு. சளி பிடித்த மாணவர் அன்று அந்த நோயாளியிடம் போக வேண்டாம். வயலில் மறுபடி இறங்கலாமா என்று அவர் கட்டாயம் கேட்பார். சேற்றிலும் தேங்கிய நீரிலும் உள்ள கிருமிகளை நினைத்து, மாற்று அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்தால் காலுக்கு பூட்ஸ் கட்டாயம்.